பொடியுப்பு தின்ற மேகம்

சித்திரையில், பாத்தியெல்லாம் உப்பு பூத்துக் கிடந்த நேரத்தில், சிப்பிமேட்டு அளத்துக்கு மேலே ஒரு மேகம் வந்து நின்றது, வந்தது போகவில்லை. கெட்டது அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

ஏன் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. கடலிலிருந்து வந்தது. தாழ வந்தது, கரையோரத்துப் பனைகளின் கொண்டை அதற்குள் மறைந்துபோகிற அளவுக்குத் தாழ. அளத்துக்கும், அளத்தை ஒட்டிய குடியிருப்புக்கும், மாதா கோயிலுக்கும், உப்பு அரைக்கிற மில்லுக்கும் சேர்த்து ஒரே கூரை போட்டமாதிரி நின்றுகொண்டது. அதன் விளிம்பு தரையில் கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் சித்திரை வெயில் உள்ளங்காலைப் பொசுக்கியது. காலை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டால் மார்கழி.

உப்பளத்துக்கு நிழல் ஆகாது. கடல்தண்ணியைப் பாத்தியில் கட்டி, வெயில் அதைக் குடித்துத் தீர்த்தபிறகு மிஞ்சுவதுதான் உப்பு. வெயில் குடிக்கவில்லை என்றால் தண்ணி தண்ணியாகவே கிடக்கும். கிடந்தது.

அளத்து முதலாளி பால்துரை வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"யாரு கண்ணோ பட்டுட்டுவே," என்றார். "சுத்திப் போடுங்க."

கண்ணேறுக்கு உப்பும் மிளகாயும் சுற்றித் தீயில் போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பிள்ளைக்கென்றால் ஒரு கை உப்பு போதும். ஒரு அளத்துக்கே சுற்றவேண்டும் என்றால் மூட்டை வேண்டும். சுற்றுவதற்குக் கல்லுப்புதான் முறை. ஆனால் பால்துரைக்குக் கல்லுப்பு எடுத்துத் தர மனசு வரவில்லை. அம்பாரத்தில் குவித்து வைத்திருந்தது விற்கிற சரக்கு. "உப்புன்னா எல்லாம் உப்புதான, மில்லுல கூட்டித் தள்ளுன பொடி கெடக்கு, அதை அள்ளுங்க," என்று சொல்லிவிட்டார். டிராக்டரில் பொடியுப்பு மூட்டையை ஏற்றி, மேலே மிளகாய் வற்றலைக் கொட்டி, அளத்தை மூன்று சுற்றுச் சுற்றி, கிழக்கு மூலையில் பனையோலை எரித்து அதில் போட்டார்கள். மிளகாய் கமறியது. எல்லோரும் இருமினார்கள். பொடி தீயில் விழவே இல்லை. மாவு மாதிரி இருந்த உப்பு, அனல் தூக்க, கடல்காற்று தாங்க, வெள்ளைப் புகையாக நேரே மேலே போய் மேகத்தின் வயிற்றுக்குள் நுழைந்தது.

மறுநாள் மேகம் பெருத்திருந்தது. நேற்றுவரை கொஞ்சம் அழுக்காக இருந்தது, இப்போது வெளுத்த வேட்டி.

ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது.

முதலில் பழகிக்கொண்டவன் பஸ் கண்டக்டர். "மேகத்தடி எறங்கு, மேகத்தடி எறங்கு" என்று சீட்டுக் கிழிக்க ஆரம்பித்தான். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கல்யாணத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், பந்தல் மிச்சம் என்று. கருவாடு காயப்போடுகிறவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனார்கள். துவைத்த துணியும் கூடவே போனது. கோட்டுக்கு வெளியே யார் இடத்தில் யார் கொடி கட்டுவது என்று இரண்டு சண்டை, ஒரு மண்டை உடைப்பு. ஆடுகள் மட்டும் பகலெல்லாம் உள்ளே படுத்து அசைபோட்டன.

பகல் இப்படி. ராத்திரி வேறு மாதிரி. வெட்டவெளியில் என்றால் பொழுது சாய்ந்ததும் பூமி தன் சூட்டை ஆகாசத்துக்கு விட்டுவிட்டு ஆறிப்போகும். இங்கே விடமுடியவில்லை. விட்ட சூட்டை மேகம் வாங்கித் திரும்பக் கீழேயே அனுப்பியது. நான்கு பக்கமும் அடைத்த வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தமாதிரி ஊர் புழுங்கியது. பிள்ளைகளுக்கு வேர்க்குரு கட்டியாகிப் பழுத்தது. அதனால் பொழுது அடைந்ததும் பாயைச் சுருட்டி, தலையணையை இடுக்கி, பிள்ளையைத் தோளில் போட்டு, தண்ணிக்குடத்தை இடுப்பில் வைத்து, ஊரே வரிசையாக நடந்து கோட்டைத் தாண்டி நட்சத்திரம் தெரிகிற இடத்தில் போய்ப் படுத்தது. விடிந்ததும் அதே வரிசையாகத் திரும்பி வந்தது. திருவிழாவுக்குப் போய் வருகிற கூட்டம் என்று ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் நினைத்தார்கள்.

அந்த வரிசையில் போகாதவர்கள் இரண்டே பேர். அமலோற்பவமும் அவள் புருசனும்.

அமலோற்பவம் மில்லில் வேலை பார்த்தாள். அம்பாரத்து உப்பை எந்திரம் அரைத்துத் தள்ளும். அதைச் சலித்துப் பையில் அடைப்பாள். அவள் புருசன் சின்ன வயதில் பனையேறி. பனை போனபிறகு அளத்தில் உப்பு வாரினான். வெள்ளை உப்பில் பட்டு எகிறுகிற வெயில் வருஷக்கணக்காகக் கண்ணைத் தின்றது. ஒருநாள் கண்ணைத் திறந்தவனுக்கு முள் குத்தினமாதிரி இருந்தது, மூடிக்கொண்டான். அதிலிருந்து பகலில் திறந்ததில்லை. விளக்கு வெளிச்சமும் குத்தும். இருட்டில் திறந்தால் இருட்டைத்தான் பார்க்கலாம். துண்டை முகத்தின்மேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு கோயில் சுவரோரம் உட்கார்ந்து வலை பின்னினான். பிள்ளைகள் "முக்காட்டு மாமா" என்றார்கள், பெரியவர்கள் "முக்காட்டண்ணன்" என்றார்கள், ரேஷன் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அவன் பெயரை ஊர் விட்டுவிட்டது. அவள் புருசன் பெயரைச் சொல்லுகிற பழக்கத்தில் வளர்ந்தவள் இல்லை. "இங்கேருங்க" என்பாள். அத்தோடு சரி. ஆக அந்தப் பெயர் சொல்ல ஆளில்லாமல் கிடந்தது.

அவளும் பார்க்க ஆளில்லாமல்தான் கிடந்தாள். எத்தனையோ வருஷம் அவள் தலை சீவினாள், கழுத்தில் பொட்டு மாதிரி பச்சை குத்தியிருந்ததை மஞ்சள் தேய்த்துக் கழுவினாள், வருஷத்துக்கு ஒரு சேலை மாதா திருவிழாவுக்கு வாங்கினாள். எதையும் பார்க்கவேண்டியவன் பார்க்கவில்லை. அவன் கையால் அவள் முகத்தைத் தடவித் தெரிந்துகொள்வான். கைக்கு நிறம் தெரியாது.

மேகம் வந்த இரண்டாவது வாரம், அது வெளுத்துத் தடித்து வெளிச்சம் பஞ்சு மாதிரி ஆனபோது, அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் துண்டை விலக்கினான். ஒரு கண்ணைத் திறந்தான். காத்திருந்தான். குத்தவில்லை. மற்றதையும் திறந்தான்.

பார்த்தான்.

"ஏட்டி," என்றான், "தலையெல்லாம் நரைச்சுப் போச்சே. எப்போ?"

கஞ்சி சட்டியை விட்டு வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

"நீங்க பாக்காத நேரமாப் பாத்துத்தான்," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஆமா, இப்போ சொல்லுங்க."

அன்றைக்கு அவள் மில்லுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்த நாலு சேலையையும் மாற்றி மாற்றிக் கட்டினாள். இது எப்போ வாங்கினது, இது யாரு எடுத்துக்குடுத்தது என்று அவன் கேட்டான். பச்சைச் சேலையைப் பார்த்து, "இது நீலம்லா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் விக்கல் வரும், விக்கல்தான் வந்தது.

புழுக்கத்தில் ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு போன ராத்திரிகளில் அவர்கள் இருவரும் வீட்டிலேயே கிடந்து வேர்த்தார்கள். கோட்டுக்கு வெளியே படுத்தால் விடியற்காலம் சூரியன் முதலில் அவன் கண்ணில் வந்து விழும் என்று அவளுக்குப் பயம்.

பிறகு வானிலை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். குடையும் பெட்டியும் கொண்டு வந்தாள். நாள் முழுக்க எதை எதையோ அளந்தாள். ஊர்க்காரர்கள் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் தாகத்துக்கு அமலோற்பவத்தின் வீட்டில் உட்கார்ந்தாள். கடுங்காப்பி குடித்தாள்.

"ஏம்மா, அது என்னத்துக்கு நின்னுக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"மேகம்னா தண்ணிதான்க்கா. ஆனா சும்மா தண்ணி துளியா சேராது. பிடிச்சு உக்கார ஒரு தூசி வேணும். உங்க ஊர்ல காத்தெல்லாம் பொடியுப்பு. ஒவ்வொரு பொடிக்கும் ஒரு துளி. துளி எவ்வளவு பொடிசா இருக்கோ அவ்வளவு வெள்ளையா இருக்கும் மேகம், வெயிலைத் திருப்பி மேலயே அனுப்பிடும். கனமும் கிடையாது, அதனால விழாது. இப்படி மேகம் உலகம் பூரா நின்னா பூமியே குளுந்துடும். ஒண்ணுமே இல்லாமப் போனா வெந்துடும். மேகம் எங்க நிக்குது, எவ்வளவு தாழ நிக்குதுங்கிறதுல இருக்கு நம்ம பொழப்பு."

"அப்போ விழவே விழாதா?" என்றான் அவள் புருசன், உள்ளேயிருந்து.

"கல்லுப்பு மாதிரி பெருசா ஏதாவது உள்ள போனா விழும். அது தண்ணியை இழுத்து இழுத்துப் பெருத்துடும். கனம் தாங்காம மழையாக் கொட்டிட்டுப் போயிடும்."

அவள் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நல்ல பெண். புருசனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்க முடிந்தவர்கள்தான். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அமலோற்பவம் மில்லிலிருந்து வருகிற வழியில் ஒரு வேலை வைத்துக்கொண்டாள். மதியம் சோத்துக்கு விடும்போது தலையில் கட்டிய துணியோடு கோட்டுக்கு நடப்பாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் வெந்த மண்ணிலிருந்து அனல் மேலே ஏறிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்க்கலாம், நெளியும். அங்கே நின்று தலைத்துணியை அவிழ்த்து உதறுவாள். மடியில் கட்டியிருந்த பொடியையும் உதறுவாள். அது கீழே விழாமல் மேலே போகும். போவதை அண்ணாந்து பார்த்து நிற்பாள்.

"தின்னு," என்பாள். "நல்லாத் தின்னு. இருந்துக்கோ."

மேகம் இருந்துகொண்டது.

ஊர் கரையத் தொடங்கியது. பாத்தியில் உப்பு விளையாமல் யாருக்கு வேலை? ஆண்கள் ஒவ்வொருவராகப் பஸ் ஏறினார்கள், வெயில் இருக்கிற அளத்தைத் தேடி. போனவர்கள் வரவில்லை. அம்பாரத்தில் இருந்த பழைய உப்பை அரைத்துத்தான் மில் ஓடியது. அம்பாரம் மலையாக இருந்தது, மேடாக ஆனது. பெண்கள் அதைப் பார்க்காத மாதிரிப் போனார்கள்.

பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி ஒருநாள் காலையில் கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். பிள்ளையின் முதுகெல்லாம் கொப்புளம். நடந்து நடந்து, ராத்திரி வெளியே பனியில், பகலெல்லாம் உள்ளே குளிரில், பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு மூச்சு சீழ்க்கை அடித்தது.

"மதினி, நாளைக்கழிச்சு நாங்க போறோம். வீட்டுச் சாவியை உங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன்."

"எங்கட்டி போவ, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு?"

"அவுக போன எடத்துக்குத்தான். எங்கயோ. இங்ஙன இருந்தா இது பொழைக்காது." அண்ணாந்து பார்த்தாள். "நாளுக்கு நாள் கொழுக்குது பாருங்க. எவளோ தீனி போடுதா மதினி. அவ வெளங்குவாளா?"

அமலோற்பவம் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அது இருமியது. சின்ன உடம்பு முழுக்கக் குலுங்கியது. திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மதியமும் கோட்டுக்குப் போனாள். கால் போனது. துணியை அவிழ்த்தாள். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு உதறினாள்.

திரும்பி வந்தபோது அவள் புருசன் வாசலில் நின்றிருந்தான். இப்போதெல்லாம் முக்காடு போடுவதில்லை. அவள் கிட்டே வந்ததும் ஒரு விரலால் அவள் வகிட்டைத் தொட்டான். விரல் நுனியைப் பார்த்தான். நாக்கில் வைத்தான்.

"நரைன்னுல்லா நெனச்சேன்," என்றான்.

"நரையும் உண்டு."

"உண்டு. கூடவே இதுவும் இருக்கு."

அவள் உள்ளே போனாள். அவனும் போனான். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள், பற்றவைக்கவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள்.

"அந்தப் பொண்ணு காப்பி குடிச்சிட்டுப் போன அன்னைக்கே. நீ எந்திச்சுப் போன வேகத்துலயே தெரியும்."

"பெறகு ஏன் கேக்கல?"

அவன் சுவரில் சாய்ந்தான். வெளியே மில் எந்திரம் நின்றது. நின்ற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"கல்லுப்பு போட்டா விழுந்திரும்னு எனக்கும் அன்னைக்கே தெரியும்ட்டி. நான் யார்கிட்டச் சொன்னேன்? நீ தீனி போட்ட, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சேந்துதான் வளத்தோம்." பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தான். "கனி பிள்ளை பகல் பூரா இருமுதது காதுல விழலையா உனக்கு?"

"விழுது."

"எனக்கும் விழுது. கண்ணு மூடிக் கெடந்த காலத்துல ஒரு சத்தத்தைக் கேக்கமாட்டேன்னு நான் சொல்ல முடியுமா? இப்போ கண்ணு தெரிஞ்சதும் காது அடைச்சுப் போச்சோன்னு இருக்கு."

"உங்களுக்குப் பழையபடி முள்ளு குத்தும்."

"குத்தும்."

"நான் எத்தனை வருசம் இருந்தேன் தெரியுமா, யாரும் பாக்காம..." முடிக்கவில்லை. சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவசரம் இல்லாமல் பார்த்தான்; புருவத்தில் ஆரம்பித்து, மூக்கின் பக்கத்து மருவுக்கு வந்து, உதட்டோரத்து மடிப்பில் இறங்கி, கழுத்துப் பச்சைக்குப் போய், திரும்பவும் புருவத்துக்கு வந்து, பாத்தியில் வரப்பு வரப்பாக நடந்து பார்க்கிற மாதிரி முழுவதும் பார்த்தான். அடுப்பு பற்றவைக்காமலேயே அவளுக்கு முகம் சுட்டது.

"எடுத்து வச்சுக்கிட்டேன்," என்றான். "அது போதும் எனக்கு. பத்தலைன்னா அப்போ பாத்துக்கிடலாம்."

மறுநாள் காலை. அவன் அம்பாரத்துக்குப் போய், பழைய வேட்டியில் கல்லுப்பு அள்ளி மூட்டை கட்டி முதுகில் தொங்கவிட்டான். பனையேறிகள் காலில் மாட்டுகிற நார்த்தளையைத் தேடினான், எலி கடித்திருந்தது. வலைக்கயிற்றை முறுக்கித் தளை செய்தான். அளத்துக்குக் கிழக்கே கடல்கரையில் நின்ற பனைகளிலேயே உயரமானதன் அடியில் போய் நின்றான். அதன் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

அமலோற்பவம் பின்னாலேயே வந்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவன் சொல்லவில்லை, அவளாகக் கட்டிக்கொண்டது.

"வயசு என்னன்னு நெனப்பு? விழுந்து தொலைஞ்சா?"

"மரத்தைக் காலு பாத்துக்கிடும். நீ அங்ஙன, அந்த மேட்டுல போய் நில்லு. உன்னையப் பாத்துக்கிட்டே ஏறுதேன்."

போய் நின்றாள். அவன் தளையை மாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினான். மரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மேட்டைப் பார்த்துக்கொண்டே ஏறினான். மார்பு உரசியது, முழங்கால் மடங்கியது, விட்டுப்போன பழக்கம் ஒவ்வொரு எட்டாகத் திரும்பி வந்தது. மேகத்துக்குக் கீழே, அவள் இருந்த இடத்திலிருந்து அவன் முகம் தெரிகிற கடைசி எட்டில், ஒரு நிமிஷம் நின்றான். அவள் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் போகச் சொன்னமாதிரி ஆகிவிடும். சும்மா நின்றாள், முழுதாகத் தெரியும்படி.

பிறகு வெள்ளைக்குள் போய்விட்டான்.

மேலிருந்து சத்தம் மட்டும் வந்தது. மூட்டை அவிழ்கிற சத்தம். ஓலை சலசலப்பு. கை வீசுகிற மூச்சு. கல்லுப்பு ஓலையில் பட்டுச் சிதறுகிற சத்தம், வீசு, இன்னொரு வீசு, இன்னொன்று. மேகத்தின் வயிறு கறுத்தது. வெள்ளை வேட்டியில் மை ஊறுகிறமாதிரி ஒரு மூலையிலிருந்து கறுப்புப் பரவியது. முதல் துளி அமலோற்பவத்தின் நெற்றியில் விழுந்தது, புளியங்கொட்டை அளவு. உதட்டுக்கு இறங்கியது. உப்பு கரித்தது.

அப்புறம் கொட்டியது. பாத்தியில், வரப்பில், மாதா கோயில் ஓட்டில், அசைபோட்ட ஆடுகளின்மேல், மில்லின் தகரத்தில். மிச்சமிருந்த அம்பாரம் கண்ணெதிரே குழைந்து, சரிந்து, பாலாக ஓடியது. கூடத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சண்முகக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வாயைத் திறந்தபடி நின்றாள். பிள்ளை கையை நீட்டியது. மழை அடித்து அடித்து, கனத்தை எல்லாம் இறக்கிவைத்து, கடைசியில் மேகம் ஒரு கிழிந்த துணியாகி, கடல்பக்கம் நகர்ந்து, இல்லாமல் போனது.

வெயில் வந்தது. வந்த வேகத்தில் ஊரே கண்ணைச் சுருக்கியது. ஈரம் முழுக்கப் பளபளத்தது.

பனைமேல் அவன் தெரிந்தான். கண் மூடியிருந்தது. கால் ஒவ்வொரு எட்டாகத் தேடி இறங்கியது, தடுமாறவில்லை. தரைக்கு வந்ததும் அமலோற்பவம் ஓடிப்போய் ஈரச்சேலைத் தலைப்பை எடுத்து அவன் முகத்தின்மேல் போட்டுக் கையால் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளே அவன் இமை துடித்தது.

"பச்சைதான்," என்றான் அதற்குள்ளிருந்து. "நான்தான் நீலம்னு தப்பாச் சொன்னேன்."

பால்துரை வரப்பு வழுக்க வழுக்க ஓடிவந்தார். வேட்டியெல்லாம் சேறு. அம்பாரம் கரைந்த ஆத்திரமும், பாத்தியில் வெயில் விழுகிற சந்தோஷமும் ஒரே முகத்தில் இருந்தன. எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கத்தினார்.

"யாருவே மரத்துல ஏறுனது? உப்பைக் கொட்டுனது எவன்?"

பின்னால் ஊர் வந்து கூடியது. "நம்ம முக்காட்டண்ணன்லா," என்றது ஒரு குரல். "முக்காட்டு மாமாவா?" என்றது இன்னொன்று.

அமலோற்பவம் திரும்பினாள். தலையிலிருந்து தண்ணி சொட்டியது. பொடியெல்லாம் கழுவிப் போயிருந்தது, நரை மட்டும் இருந்தது. அவன் முகத்தைப் பொத்திய கையை எடுக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாக்கில் ஏறாத அந்தப் பெயரை அவள், ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று, சத்தமாகவே சொன்னாள்.

"சேசடியான்."